வாட்டர் பம்ப் வேலை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

"ஒழுகினது வாட்டர் பம்ப், பில்லில் வந்தது பாதி இஞ்சின்" என்று எங்கள் பட்டறையைப் பற்றி இரண்டு வாரமாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. இஞ்சின் சூடேறாமல் காக்கும் கூலன்ட்டைச் சுற்ற விடுவதுதான் வாட்டர் பம்ப்; ஒரு வண்டியில் அதோடு பெல்ட்டையும் சேர்த்து மாற்றி பில் போட்டதில் கிளம்பிய பேச்சு இது. உங்களில் நான்கைந்து பேர் நேரிலேயே கேட்டுவிட்டீர்கள். கேட்காதவர்கள் மனதிலும் இருக்கும். அதனால்தான் இந்த மடல்.

வாரத்துக்கு ஒரு டம்ளர் கூலன்ட் குறைகிறது, காலையில் வண்டிக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு என்றுதான் அந்த வண்டி வந்தது. ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும் என்று நானே முதலில் நினைத்தேன். பிரஷர் டெஸ்டரை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் முள் இறங்கியிருக்கிறது. டைமிங் பெல்ட்டை (பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கும் பெல்ட்) மூடியிருக்கும் கவரின் அடி விளிம்பில் சொட்டுச் சொட்டாக நிற்கிறது. கவரைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது: பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து கூலன்ட் வழிந்து, உப்புப் பூத்த மாதிரி காய்ந்திருந்தது.

அந்த ஓட்டை பழுதல்ல, கம்பெனியே வேண்டுமென்று வைத்தது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடியவும், நமக்குத் தெரியவும்தான் அது. (அதைப் பசை வைத்து அடைத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்தது பேரிங்தான் போகும்.) கறை மட்டும் இருந்தால் கொஞ்ச நாள் கவனித்துப் பார்க்கலாம். சொட்ட ஆரம்பித்தால் பம்பை மாற்றத்தான் வேண்டும்.

சரி, பெல்ட் கதைக்கு வருகிறேன். அதுதான் எனக்கு வலிக்கிறது.

எல்லா வண்டியிலும் பம்ப் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் வெளியே, ஃபேன் பெல்ட்டோடு ஓடும். இந்த வண்டியில் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுற்றுகிறது. பம்பைத் தொட வேண்டுமானால் இஞ்சினுக்கு ஜாக்கி கொடுத்து, அதைத் தாங்கும் மவுன்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லியை எடுத்து, கவரை எடுத்து, பெல்ட்டை இறக்க வேண்டும். அங்கேதான் நாள் போகிறது. பம்பைக் கழற்றுவது அதற்குப் பிறகு அரை மணி நேர வேலை. இறக்கிய பெல்ட்டை விரலால் மடித்துப் பார்த்தேன். கூலன்ட் பட்டு ஓரம் நைந்திருந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. அதையே திரும்ப மாட்டி அனுப்பியிருக்கலாம், பில் குறைந்திருக்கும். ஆனால் அந்தப் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால், அந்த வகை இஞ்சினில் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும். அப்போது பாதி இஞ்சின் என்ற பேச்சு நிஜமாகவே பொருந்தும். பெல்ட்டை மட்டும் பிறகு மாற்றலாம் என்றால், அதே மவுன்ட், அதே புல்லி, அதே கூலி இன்னொரு முறை.

போன் செய்தோம். வீட்டில் வேறொருவர் எடுத்து "பார்த்துச் செய்யுங்கள்" என்றார், செய்தோம். உரிமையாளரிடமே பேசியிருக்க வேண்டும், எழுதிக் காட்டியிருக்க வேண்டும். அது எங்கள் தவறுதான், அதற்கு வருந்துகிறோம். ஆனால் தேவையில்லாததைத் தலையில் கட்டினோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. கழற்றிய பம்ப், பெல்ட், டென்ஷனர் மூன்றும் என் மேசை மேல்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து சுற்றிப் பார்க்கலாம்.

"இதை நானே மாற்றிக்கொள்ள முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு: பம்ப் வெளியே இருக்கும் வண்டியானால் தாராளமாக. எங்களுக்கு அதில் வருத்தமில்லை. இஞ்சின் நன்றாக ஆறட்டும், சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. ரப்பர் வளையம் வைத்த பம்புக்கு சீலன்ட் பூச வேண்டாம். போல்ட்டை மூச்சைப் பிடித்து இறுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. பல பம்புகளில் வரும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் முறுக்கு சொல்லியிருப்பார்கள், உங்கள் வண்டிக்கான அளவை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். த்ரெட் போன நிலையில் எங்களிடம் வந்தால் பம்ப் வேலையைவிட அதுதான் பெரிய வேலை. அப்புறம், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வண்டிக்குச் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். கலக்கும் வகையானால் டிஸ்டில்டு வாட்டரோடு, பெரும்பாலும் பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள். அதை விட்டுவிட்டுத்தான் "புதுப் பம்ப் போட்டும் சூட்டு முள் ஏறுகிறது" என்று வருகிறார்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள், இனிப்பாக இருக்கும் விஷம் அது, நாயும் பூனையும் குடித்துவிடும்.

பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டியானால், புல்லிகளில் இருக்கும் மார்க்கை ஒத்து வைத்துப் பெல்ட் மாட்டிப் பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். எங்களிடம்தான் வர வேண்டும் என்றில்லை, தெரிந்த எந்த மெக்கானிக்கிடமும் கொடுங்கள்.

இனிமேல் பம்ப் வேலைக்கு வண்டியைத் திறந்ததும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி, எதை மாற்ற வேண்டும், எதை மாற்றினால் நல்லது என்று தனித்தனியாக எழுதித் தருவோம். நீங்கள் சரி என்று பதில் போட்ட பிறகே கை வைப்போம். பழைய பாகம் பையில் போட்டு உங்கள் கையிலேயே வரும்.

இந்தப் பேச்சு காதில் விழுந்த பிறகும் வழக்கம்போல் சாவியைக் கொடுத்துவிட்டு "நீங்க பாத்துக்கோங்க" என்று போனவர்கள் உண்டு. முதல் வண்டியிலிருந்து இப்போது பிள்ளைகளின் வண்டி வரை இங்கேயே விடுபவர்கள் நீங்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்று ஒருவர் டீ கிளாஸோடு வந்து, அந்தப் பெல்ட்டை எடுத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

எங்கள் மூத்த மெக்கானிக் சொந்தமாகப் பட்டறை வைக்கப் போயிருப்பதால், டைமிங் பெல்ட் சேர்ந்த வேலைக்கு இனி ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் ஆகும். கூலியும் அடுத்த மாதம் முதல் சிறிது மாறும், பலகையில் எழுதியிருக்கிறோம்.

வண்டிக்கு அடியில் திட்டு தெரிந்தால் கொண்டு வாருங்கள். பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்ப்பதற்குப் பணம் வாங்குவதில்லை, அது மாறாது.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்