மூன்று வாரம் போதாது, ஒரு தவணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் வெளிநாடு போய் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதைப் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் பேசியவர்கள் எல்லோரும் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று சொந்தப் பணத்தில் போய் வந்தவர்கள். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். சமூகப்பணி முதுகலை படிக்கும்போது இன்டர்ன்ஷிப்புக்காக இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் ஒரு தவணை, அதாவது அங்குள்ள பள்ளிப் பருவம் ஒன்று முழுவதும் இருந்துவிட்டு வந்தேன், அதனால் எனக்கும் சொல்ல இருக்கிறது.

முதலில் ஒரு இடைத்தரகு நிறுவனத்திடம் கேட்டேன். மூன்று வாரத்துக்கு 75,000 ரூபாய், டிக்கெட் தனி, சுற்றுலா விசாவே போதும் என்றார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பணத்தை யாரும் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. எங்கள் பேராசிரியர்தான், சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கக் கூடாதம்மா என்று சொல்லி, ஹட்டன் பக்கம் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தோடு நேரடியாகப் பேசி முறையான அனுமதி வாங்கிக் கொடுத்தார். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பயணச் செலவைத் துறையில் படித்த சீனியர்கள் போட்டார்கள். அந்த நிறுவனம் என்னிடம் பணம் கேட்கவில்லை, காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டது, பிள்ளைகளின் படத்தை எங்கும் போட மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. காசு கேட்கிற இடம் எது, பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிற இடம் எது என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் இருக்கிறதே, அதில்தான் போனேன். அங்கிருந்து பஸ் மாறி மாறி ஹட்டன். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில், பல வீடுகள் இன்றும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைதான், அதில் ஆறு பேர் இருந்தால் ஒரு பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அம்மாமார் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். முன்பள்ளிக் கட்டடத்தில் மாலை வகுப்பு நடத்துவதுதான் என் வேலை. நான் நோட்டு என்றால் அவர்கள் கொப்பி என்பார்கள், பேனா என்றால் பேனை என்பார்கள், முதல் வாரம் முழுக்கச் சிரிப்பிலேயே போனது. ஊரைக் கேட்ட ஒரு பாட்டி, எங்க தாத்தாவும் தஞ்சாவூர்ச் சீமைதான் என்று கையைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊர் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் முடியும்போது எனக்குத் தெரிந்தது பிள்ளைகளின் பெயரும் யார் எந்த லயம் என்பதும்தான். ஏழாம் தரத்து (நம்மூரில் ஏழாம் வகுப்பு) பையன் ஒருவன் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று வாசிப்பான், நானும் அவனை நல்ல வாசகன் என்றே நினைத்திருந்தேன். ஐந்தாவது வாரம் ஒருநாள் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து நடுவிலிருந்து வாசிக்கச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். அத்தனையும் மனப்பாடம். எனக்குத் திக்கென்றாலும் புதிதாக இல்லை, ஏனென்றால் 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது எங்கள் தெருவில் நான் தன்னார்வலராக இருந்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘ற’வும் ‘ர’வும் தெரியாமல் இதேபோல ஒப்பித்ததைப் பார்த்தவள். அப்போது செய்ததையே அங்கும் செய்தேன். அவன் அம்மாவைப் பற்றி, மட்டக்குதிரை பற்றி, மழை பற்றி அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அதையே அவன் வாசிப்பான். பத்தாவது வாரம் வாக்கில்தான் நான் எழுதாத ஒரு கதையைத் தானாக வாசித்தான். மூன்று வாரத்தில் ஊருக்குத் திரும்பியிருந்தால் அவன் நன்றாக வாசிக்கிறான் என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருப்பேன். இதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை, அதாவது உதவித்தொகைத் தேர்வு வரும்வரை அந்தப் பிள்ளைகளை வீடும் பாடசாலையும் பிடித்துவைத்திருக்கின்றன. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறார்கள், நம்மூர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னாலேயே கொழும்பில் கடைவேலை, வீட்டுவேலை என்று போய்விடுகிறார்கள். நான் இருந்தபோதே ஒரு பெண் போனாள். ஆசிரியையோடு அவள் வீட்டுக்கு நான்கு தடவை நடந்தோம், ஐந்தாவது தடவை போனபோது அவள் இல்லை. வெளியிலிருந்து வருகிற இன்டர்ன் தனியாளாக இதை மாற்ற முடியாது, அங்கேயே இருக்கிறவர்களோடு சேர்ந்தால்தான் ஏதாவது முடியும். நம்மூர்ப் பிளஸ் டூ போன்ற உயர்தரம் முடித்த இரண்டு அக்காமார் தினமும் என்னோடு வகுப்பில் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு அந்த மாலை வகுப்பு அவர்கள் கையில் நடக்கிறது.

அதனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கல்லூரிகளிடம் கேட்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புங்கள், ஆனால் அங்குள்ள பாடசாலையின் ஒரு தவணைக்குக் குறையாமல் அனுப்புங்கள். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பயணச் செலவையும் கல்லூரியே ஏற்கட்டும், இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் போவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை எப்படி ஒளிந்துகொள்ளும் என்பது எங்களைப் போல முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். அந்த வேலைக்கு நாங்கள் வேண்டும்.

எங்கள் துறையில் இரண்டு தங்கைகள் அடுத்த தவணைக்கு அதே தோட்டத்துக்குப் போகக் கேட்டிருக்கிறார்கள். இருவருமே விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, கப்பல் டிக்கெட்டுக்குத்தான் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்