அம்மா புடவையின் ஜரிகையைப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வணக்கம். எம்.சி. ரோட்டு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைத் தாண்டி, கையில் புதுத்துணிப் பையோடு, பழைய துணியில் போர்வையும் விரிப்பும் தைக்கும் நம்ம கடைப் படியேறி வந்து பழைய துணியைக் கொடுத்துவிட்டுப் போகிற உங்களுக்கு முதலில் நன்றி.

ராயபுரம், தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. போர்வை தைக்கிறோம் என்று பட்டுப்புடவையை வாங்கி, ஜரிகையை உருவி வெள்ளிக்கு விற்கிறோமாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. தெருவில் பழைய பட்டு வாங்குபவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் புடவையை எரிக்கிறார்கள். அம்மாவின் கல்யாணப் புடவை அப்படிச் சாம்பலாகக் கூடாது என்றுதானே இந்தக் கடையே வைத்தோம்! பீரோவில் பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு மடிப்பிலேயே விட்டுப்போகும். ஜரிகைக் கனத்தால் கரையும் முந்தியும் சீக்கிரம் கிழியும். நைந்த இடத்தில் ஊசி போட்டால் தையலே துணியை அறுத்துவிடும். அதனால்தான் நைந்த இடத்தை வெட்டிவிடுகிறோம், தைத்த பொருளில் கரை குட்டையாகத் தெரிகிறது. வெட்டிய துண்டுகள் தனிப் பையில் உங்கள் பொருளோடுதான் வருகின்றன. தயவுசெய்து அந்தப் பையைப் பிரித்துப் பாருங்கள். அப்புறம், இப்போதைய புடவைகள் பலவற்றில் இருப்பது முலாம் பூசிய செம்பு இழைதான். உருக்கினாலும் அதில் என்ன கிடைக்கும்?

வளைகாப்புக்குப் பாட்டியின் சுங்குடியில் குழந்தை விரிப்பு, அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பாவின் சட்டைகளைச் சேர்த்த போர்வை என்று நீங்கள் கேட்டதெல்லாம் எங்களுக்கு நினைவிருக்கிறது. வங்காளத்துக் காந்தா போலப் பழைய பருத்திப் புடவைகளை அடுக்கிக் கையால் நூலோட்டும் வேலை வழக்கம்போல நடக்கிறது. ஒட்டுப்போட்ட இடம் தெரியட்டும், வேறு நிற நூலிலேயே தையுங்கள் என்று சொல்பவர்கள் கூடிவருவதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். கிழிசலை இழை கோத்து அடைக்கும் ரஃபு மாஸ்டர் ஊரோடு போய்விட்டதால் அந்த வேலை மட்டும் பொங்கல் வரை இல்லை. ஆவணி முதல் கூலியும் சற்று ஏறுகிறது.

நாங்கள் கேட்காமலே அந்தப் பதிவுக்குப் பதில் சொன்ன கொருக்குப்பேட்டை அக்காக்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் புடவை வெட்டும் நாளைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் கண்முன்னேயே வெட்டுகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்