வக்கீல் தாண்டிப்போகும் வரிகள்

அன்புள்ள தம்பி,

பத்திரம் பதிந்த கையோடு, "இந்த நிலத்துல இதுக்கு முன்னாடி யாரெல்லாம் இருந்தாங்கன்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நிலம் வாங்கப் போகிறவர்கள் வில்லங்கம் உண்டா என்று கேட்பார்கள். வாங்கி முடித்தவர்கள் எதையும் கேட்பதில்லை. நீ கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இதே கேள்வி உள்ள வேறு யாருக்காவது உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

வில்லங்கச் சான்றில், அதாவது நிலத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியலில், தொடங்கு. பதிவுத்துறை இணையதளத்தில் பொதுவாக 1975 வரை பின்னோக்கிப் போகலாம். அதற்கும் முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். ஆனால் பதிவானது மட்டும்தான் அதில் வரும். அப்பாவுக்குப் பின் பிள்ளைக்கு வந்தது, அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துக்கொண்டது, பதியாத உயில், எதுவும் ஏறாது. நூறு ரூபாய்க்குக் குறைந்த சொத்தைப் பதியாமலே கைமாற்ற 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தக் காலத்து நூறு ரூபாய்க்குள் எவ்வளவோ நிலம் அடங்கும். ஆகவே நடுவில் இருபது வருஷம் காலியாகத் தெரிந்தால் பதறாதே.

புல எண்ணும், அதாவது சர்வே நம்பரும், காலை வாரும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்றால்தான் ஊரில் புரியும், ஏகப்பட்ட எண்கள் மாறின, உட்பிரிவாயின. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில், ஊர் நிலங்களின் கணக்கு அது, பழைய எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள். அது இல்லாமல் பழைய பத்திரத்தைத் தேடினால் வேறு யாருடைய தோட்டத்திலோ போய் நிற்பாய்.

சரி, பழைய பத்திரங்களின் நகல்கள் கைக்கு வந்தாயிற்று. உன் வக்கீல் தாண்டிப்போன வரிகளில்தான் உனக்கு வேலை. எதற்காக விற்றார்கள், யார் சாட்சி, பணம் எப்படிப் பைசலானது என்ற மூன்றையும் நிதானமாகப் படி.

நான் பார்த்த ஒரு பத்திரக் கட்டுக்குள், ஒரு பெண் தனக்காகவும் தன் மைனர் மகனுக்கு கார்டியனாகவும் நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டிருக்கிறாள், அதாவது கடனுக்கு ஈடாக அனுபவிக்கக் கொடுத்திருக்கிறாள். கணவன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பிய பெருவிரல் ரேகை. தவணை முடிவதற்குள் அதே நிலம் சுத்தக்கிரயம், அதாவது முழு விற்பனை, ஆகிவிட்டது. வாங்கியவர் யார் தெரியுமா? போக்கியப் பத்திரத்தில் சாட்சி போட்டவர். கிரயப் பணம் பைசலான விவரத்தில் போக்கியத் தொகை கழிவு, புரோநோட்டுக் கடன் கழிவு, வட்டி கழிவு. கடைசி வரியில் அவள் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டது சொற்பம். மேலோட்டமாகப் பார்த்தால் அந்தப் பத்திரத்தில் ஒரு குறையும் தெரியாது. அந்தச் சாட்சியின் பேரன் அதை "தாத்தா சம்பாதிச்ச சொத்து" என்று சொன்னால், அதுவும் பொய் இல்லை.

பக்கத்து நிலத்துப் பத்திரங்களையும் விடாதே. செக்குபந்தியில், அதாவது நாலெல்லையில், "இன்னார் நிலத்துக்குத் தெற்கு" என்று இருக்கும். எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதால், நிலம் கைமாறி எத்தனையோ வருஷம் கழித்தும் பழைய பெயர் அங்கே தங்கியிருக்கும். உன் வரிசையில் விட்டுப்போன ஆள் பக்கத்து நிலத்தின் எல்லையாக அகப்படலாம். பத்திரத்தில் உள்ள தமிழ் வருஷப் பெயரை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்யாதே. ருத்ரோத்காரி 1923-லும் வந்தது, 1983-லும் வந்தது.

பெண்கள் இந்தத் தாள்களில் பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில்தான் வருவார்கள், பாகத்தை விட்டுக்கொடுப்பதற்காக. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டத் திருத்தம் வந்தது. அப்போதும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 1961-ஐ ஒட்டி ஒரே குடும்பத்துக்குள் தானசெட்டில்மெண்டும் பாகப்பிரிவினையும் வரிசையாகத் தெரிந்தால், ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற நில உச்சவரம்புச் சட்டத்தையும் நினைத்துக்கொள். பாசத்தில் எழுதியதும் இருக்கும், எல்லாம் அப்படி இருக்காது.

அப்புறம் ஒன்று. பழைய பதிவேட்டில் டி.சி. நிலம் என்ற குறிப்பு கண்ணில் பட்டால் கதை தேடுவதை நிறுத்திவிட்டு வக்கீலிடம் போ. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒப்படைக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அந்த மக்களைச் சேராத வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. எத்தனை கை மாறியிருந்தாலும், முதலில் பெற்றவர் யார் என்பது அங்கே வெறும் ஆர்வக் கேள்வி இல்லை.

கடைசியில் மனிதர்களிடம் போவாய். போகும்போது பத்திர நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதே. தாளைக் கண்டாலே கேஸ் என்றுதான் நினைப்பார்கள், வீட்டில் இருப்பவர்கூட இல்லை என்று சொல்லிவிடுவார். வித்தவங்க வீட்டுப் பெரியவரிடம் கிணற்றைப் பற்றிக் கேள். யார் வெட்டியது, எத்தனை பேருக்குப் பங்கு, யாருக்கு எந்த நாள் முறை என்று. கிணற்றுப் பாத்தியம் பத்திரத்தில் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்தப் பங்குக்காரர்கள் யார் யார், யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை நின்றது என்பதெல்லாம் அவர் வாயில்தான் வரும். விற்ற காரணத்தை நீயாகக் கேட்காதே.

அன்புடன்,
அக்கா