அந்த மூன்று படிகளைப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார இதழில் மாற்றுத்திறனாளிகள் ஐந்து பேருக்கு வேலை கொடுத்த ஒரு நிறுவனத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: 'சம்பளம் அவர்களுக்குப் பெரிதில்லை, தங்களையும் ஒரு ஆளாக மதித்தார்களே என்ற நிறைவே போதும்.' இதை யார் உங்களிடம் சொன்னது? அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அந்த இரண்டு பக்கத்தில் வாய் திறக்கவில்லை, பேசியதெல்லாம் முதலாளியும் உங்கள் நிருபரும்தான். இருபது வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற பத்திரிகை, அதனால் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. இரண்டு வயதில் போலியோ வந்தது, வலது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புக் கட்டு) போட்டுத்தான் நடக்கிறேன். பி.காம். முடித்து இத்தனை வருடமாகக் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் எனக்குப் பெரிதுதான் ஐயா. வீட்டு வாடகை, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, காலிப்பர் பட்டை அறுந்தால் அதற்கு என்று எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதே பில்லைப் போட்ட பையனுக்கு 3,000 ரூபாய், எனக்கு 2,000. ஏன் என்று கேட்டதற்கு, "உனக்குத்தான் கவர்மெண்ட் உதவித்தொகை வருதேம்மா" என்றார் முதலாளி. எனக்கு அந்த உதவித்தொகை வரவே இல்லை. வந்திருந்தாலும் என் கூலியில் கழித்துக்கொள்ளவா அரசாங்கம் அதைக் கொடுக்கிறது?

அப்புறம் அந்தப் படம். முதலாளி பூங்கொத்து கொடுக்கிறார், ஐந்து பேரும் சிரிக்கிறார்கள். எல்லோரும் முகங்களைப் பார்த்திருப்பார்கள், எனக்கு முதலில் கண்ணில் பட்டது பின்னால் இருந்த வாசல்தான். மூன்று படி, பிடித்து ஏற ஒரு கம்பி இல்லை, பக்கத்தில் சாய்தளமும் தெரியவில்லை. படத்தில் இரண்டு பேர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் எப்படி உள்ளே போகிறார்கள்? யாராவது தூக்கி விடுகிறார்களா? தூக்கிவிடுகிறவர் லீவு போட்டால் அன்றைக்கு என்ன செய்வார்கள்? அங்கே கழிப்பறை எப்படி இருக்கிறது? இதில் ஒன்றையாவது உங்கள் நிருபர் கேட்டிருக்கலாம்.

நான் இதையே பிடித்துக்கொண்டு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்பது வருடம் ஒரு கடையில் கணக்கு பார்த்தேன். கழிப்பறை பின்கட்டில், ஐந்து படி இறங்கிப் போக வேண்டும், எந்நேரமும் ஈரம், உள்ளே பிடித்து எழுந்திருக்க எதுவும் கிடையாது. ஒரு நாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு விலகியது. அதற்குப் பிறகு காலையில் அரை டம்ளர் காபியோடு சரி, சாயந்தரம் வீடு வந்து சேரும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். மே மாதம் கோவில்பட்டி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அப்போதும் அப்படித்தான். மதியம் சோற்றுக்கு ரசம்கூட ஊற்றிக்கொள்ள மாட்டேன். கடைசியில் சிறுநீரகத்தில் கல் வந்தது, "தண்ணி குடிக்கறதுல உனக்கு என்னம்மா கஷ்டம்" என்று டாக்டர் சத்தம் போட்டார். சுவரில் ஒரு கம்பி பதித்துத் தாருங்கள் என்று கடையில் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். "உன் ஒருத்திக்காகவா?" என்பதுதான் மூன்று தடவையும் கிடைத்த பதில்.

அந்த முதலாளியின் பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறீர்கள். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதன் 21ஆம் பிரிவுப்படி தனியார் உட்பட எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எங்களுக்கு என்னென்ன வசதி செய்து தரப்படும் என்பது அதில் இருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், எந்தெந்த வேலை எங்களுக்கு ஏற்றது என்ற பட்டியலும், இதைக் கவனிக்க ஒரு அலுவலரும் வேண்டும். நான் வேலை பார்த்த நான்கு இடத்திலும் அப்படி ஒரு காகிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. 4 விழுக்காடு இடஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான். தனியாரில் 5 விழுக்காடு என்று பேசுகிறார்களே, அது கட்டாயம் இல்லை, அவ்வளவு பேரை எடுக்க வைக்க அரசு தன் வசதிக்கேற்ப ஊக்கச் சலுகை கொடுக்க வேண்டும் என்று சொல்வதோடு சட்டம் நின்றுவிடுகிறது. அதனால்தான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

அரசு வேலையையும் நான் விடவில்லை. 1995இல் எங்களுக்கான முதல் சட்டம் வந்தபோது நான் பிளஸ் டூ. 3 விழுக்காடு இருக்கிறது, உனக்குக் கட்டாயம் கிடைத்துவிடும் என்று எங்கள் வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை தவறாமல் புதுப்பித்தேன். அந்த அட்டையை இப்போதும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

என் அக்கா மகனுக்குக் காது கேட்காது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்குக் கூட்டிப் போனேன், சைகை தெரிந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை. கேள்வியை எழுதிக் காட்டினால் பதில் எழுதுவான் என்றேன். அவர்கள் பேனாவை எடுக்கவே இல்லை, அவனை விட்டுவிட்டு என்னிடமே, "இவர் நைட் ஷிப்ட் பார்ப்பாரா?" என்று கேட்டார்கள். அவன் என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது ஒரு ஜவுளிக் கடையில் சேலை மடித்து வைக்கிறான்.

வருடம் தவறாமல் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் நீங்களும் எங்களைப் பற்றி ஒரு கட்டுரை போடுகிறீர்கள். 'தன்னம்பிக்கை', 'சாதனை' என்றுதான் தலைப்பு வரும். சாதனை எதுவும் செய்யாமல் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கி, பஸ்ஸில் இடம் பிடித்து வீடு வந்து சேர நினைக்கிற என்னைப் போன்றவர்களும் உங்கள் வாசகர்கள்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் ஒரு வரி சேர்த்து வாங்குங்கள்: அலுவலகம் எந்த மாடி, லிப்ட் உண்டா, சாய்தளம் உண்டா, நாங்கள் போகக்கூடிய கழிப்பறை உண்டா. போன மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஆட்டோவுக்கு 160 ரூபாய் கொடுத்து ஒரு நேர்முகத்துக்குப் போனேன். அலுவலகம் இரண்டாவது மாடியில், லிப்ட் இல்லை. கீழே நின்று போன் செய்தேன், "மேலே வாங்க மேடம்" என்றார்கள். அதே ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, கோவில்பட்டி
(பெயரை வெளியிட வேண்டாம், இப்போது இருக்கிற வேலையும் எனக்கு வேண்டும்.)