லியாம் பொக்ஸும் காணாமல் போன 2011உம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சி அரசியல்வாதி லியாம் பொக்ஸைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஸ்கொட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் பிறந்தது, கிளாஸ்கோவில் மருத்துவம் படித்தது, 1992இல் இங்கிலாந்துத் தொகுதியொன்றில் வென்றது எல்லாம் சரி. ஆனால் 1997இல் இலங்கைப் பிரச்சினையைத் தீரும் கட்டத்துக்கே கொண்டுவந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தொண்டை முள்ளாக நிற்கிறது.

அந்த வருடம் அவர் செய்துவைத்த உடன்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் எடுக்கும் தீர்வு முயற்சியை மற்றவர் குழப்புவதில்லை என்று ஜனாதிபதி சந்திரிகாவும் எதிர்க்கட்சித் தலைவர் ரணிலும் எழுதிக்கொடுத்தார்கள். பிரித்தானிய வெளியுறவில் இளநிலை அமைச்சராயிருந்த பொக்ஸ் நடுவில் நின்றார். தமிழர் தரப்பில் ஒரு கையெழுத்தும் இல்லை. நாங்கள் அப்போது வன்னியில். பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்போம். அவன் கை ஓய்ந்தால் செய்தியும் தேய்ந்துவிடும். உடன்பாடு ஏப்ரலில், மே மாதம் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கி நாங்கள் மூட்டை கட்டினோம். அதே மே மாதம் பொக்ஸின் கட்சியும் தேர்தலில் தோற்றது. 2000 ஓகஸ்டில் சந்திரிகா அரசு கொண்டுவந்த தீர்வு வரைவை ரணிலின் கட்சிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். இதற்குத்தான் பாராட்டா?

அப்புறம் உங்கள் பெட்டிச் செய்தி. 2010இல் பாதுகாப்பு அமைச்சர் என்கிறது. அடுத்த வரி 2016, வர்த்தக அமைச்சர். இடையில் மனிதர் ஓய்வெடுத்தாரா? அவர் பதவி விலகியது 2011 ஒக்டோபரில். அரசில் எந்தப் பதவியும் இல்லாத நண்பர் ஆடம் வெரிட்டி, அமைச்சரின் ஆலோசகர் என்று கார்டு அடித்துக்கொண்டு வெளிநாடுகளில் கூடவே திரிந்தார். நடத்தை விதி மீறப்பட்டது என்று அமைச்சரவைச் செயலாளரே அறிக்கை எழுதினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, இறுதிப் போரின் கொலைகளைச் சனல் 4 தொலைக்காட்சி காட்டியதைப் பார்த்துவிட்டு லண்டனில் எங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் இருந்த நாட்களில், பொக்ஸ் கொழும்பில், கொல்லப்பட்ட இலங்கை வெளியுறவு அமைச்சர் கதிர்காமரின் நினைவுப் பேருரை ஆற்றிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சியில் இருந்தபோது இலங்கை அரசின் செலவிலேயே போய்வந்தவர். நாடாளுமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தக உடன்பாடு மனித வரலாற்றிலேயே மிகச் சுலபமானவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 2017இல் சொன்னவரும் இவர்தான். கொழும்பு அனுபவம் பேசியிருக்கும்!

உங்களுக்கு எங்கள் ஞாபகம் வருவது வருடத்தில் முள்ளிவாய்க்கால் நினைவு வரும் மே மாதம் மட்டும். முன்பு நான் எழுதிய கடிதத்தில் வணக்கத்தையும் ஊர்ப்பெயரையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். இடப் பற்றாக்குறை, விளங்குகிறது. பொக்ஸ் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்ற கதைக்கு அரைப் பக்கமும் ஒரு படமும் கிடைத்திருக்கிறது, சந்தோஷம்.

அடுத்த இதழில் அந்தப் பெட்டிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: 2011, பதவி விலகல். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பழைய வாசகர்,
ஹரோ, லண்டன்