கணவர் கையெழுத்து தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன்.

மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கேட்டுப் போன என் நாத்தனாரை, புருஷன் கையெழுத்து வாங்கி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவளும் அதை நம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. நம் தென்னாப்பிரிக்காவில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. 18 வயது நிரம்பிய பெண் விவரம் புரிந்து தானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும், கணவர் சம்மதம் தேவையே இல்லை.

ஆபரேஷன் வேண்டாமா? சரி, அரசு கிளினிக்கில் இலவசமாகவே லூப் (கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவி) வைத்துக்கொள்ளலாம், செம்பு லூப் 10 வருடம் வரை வேலை செய்யும், வேண்டாமென்றால் முன்னாடியே எடுத்துவிடலாம். கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளாண்ட் 3 வருடத்துக்கு. ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இம்பிளாண்டின் பலன் குறைந்துவிடும், இதை நர்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள், செம்பு லூப்புக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

இதையெல்லாம் நம் பாட்டிமாருக்கும் புரிகிற தமிழில் மாதம் ஒரு பத்தியாவது போடுங்கள் ஐயா. வீட்டில் முதலில் அவர்களிடம்தான் கேட்கிறோம்.

ஒரு வாசகி, டர்பன்