கயல்விழிக்கு, குறுக்குவில் குறித்து

பாரபூ, விஸ்கான்சின்
ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். வீட்டுச் செய்திகளை அம்மா தனியே எழுதுவாள். சித்தி மகனுக்கு ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்பதையும், ஒரிகனில் வேட்டைக்கு எந்த மரப்பரணில் ஏறினாலும் பாதுகாப்புப் பட்டையைக் கட்டாமல் ஏறக் கூடாது என்பதையும் மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மாலை, வேட்டை விதிகளைப் பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்கும் நம் கவுண்டியின் வசந்தகாலக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏப்ரலில் மாநிலத்தின் 72 கவுண்டிகளுக்குமாக நடக்கும் அதே கூட்டம்தான். பதினான்கு வயதில் நீ எழுந்து நின்று கேள்வி கேட்டு அத்தனை தொப்பிக்காரர்களையும் திரும்பிப் பார்க்க வைத்த அதே கூட்டம். வில்லால் மான் வேட்டையாடும் வில் பருவத்தில் குறுக்குவில்லை அனுமதிக்கலாமா என்ற பேச்சு மறுபடியும் எழுந்தது. 2013 டிசம்பரில் சட்டமாகி, 2014 முதல் வயது வரம்பின்றி எல்லோருக்கும் குறுக்குவில் உரிமம் கொடுத்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் அந்தச் சண்டை ஓயவில்லை. ஓயாததற்குக் காரணமும் இருக்கிறது. இன்று இந்த மாநிலத்தில் கையால் இழுக்கும் வில்லுக்கு விழும் மான்களைவிடக் குறுக்குவில்லுக்கு விழும் மான்கள் அதிகம். நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தொடங்குவதற்குள் கொம்பு பெருத்த ஆண்மான்களெல்லாம் தீர்ந்துவிடுகின்றன என்று ஒரு பக்கத்தார் பொருமினார்கள். வேட்டைக்குப் போகிறவர்களே குறைந்து வருகிறார்கள், சோளக்காட்டில் மான் கூட்டம் மேய்கிறது, 2002-இல் இங்கே கண்டுபிடித்த, மானை மெலிய வைத்துக் கொல்லும் அந்த நோய் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது, இந்த நிலையில் வருகிறவனையும் ஏன் விரட்ட வேண்டும் என்று மறுபக்கத்தார் கேட்டார்கள்.

நீ இருந்திருந்தால் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். நான் இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் நியாயத்துக்காகச் சொல்கிறேன், உன் வாதத்தை அங்கே ஒருவரும் உன் அளவுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. வில்லாளி என்பவள், இருபது கஜத்தில் நிற்கும் மானின் கண்ணெதிரே கையை அசைத்து, நாணை இழுத்து, இழுத்தபடியே மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். மான் தப்புவதே அந்த அசைவில்தான். குறுக்குவில்லோ வீட்டிலிருந்து வந்து இறங்கியதும் நாணேற்றி மடியில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் பார்த்து, விசையை அழுத்தும் கருவி. ஆகையால் அது அம்பு எய்யும் துப்பாக்கிதானே ஒழிய வில் அல்ல என்று நீ சொல்வாய். பழைய தமிழ் நூல் ஒன்றும் உன் பக்கம்தான் பேசுகிறது. மதுரைக் கோட்டை மதிலில் தானே வளைந்து எய்யும் கருவியை அது ‘வளைவிற்பொறி’ என்கிறது. வில் என்று விடாமல் பொறி என்று சேர்த்துத்தான் சொல்கிறது.

ஆனால் உன் கையில் இருப்பது மட்டும் என்ன, அம்மா? மிசௌரிக்காரரான ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்தானே அது? முழுதும் இழுத்த பிறகு பாரத்தில் பெரும்பகுதியைச் சக்கரம் ஏற்றுக்கொள்கிறது. இதுவும் வில்லா என்று அன்றைய மர வில்காரர்கள் முகம் சுளித்தது அந்த வில்லைப் பார்த்துத்தான். நாட்டிலேயே முதன்முதலாக 1934-இல் நம் சாக் கவுண்டியிலும் பக்கத்துக் கொலம்பியா கவுண்டியிலும் மானுக்கு வில் பருவம் திறந்தபோது இறங்கியவர்கள், உன் வில்லையும் என் குறுக்குவில்லையும் அருகருகே வைத்தால் இரண்டையும் ஒரே சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பார்கள். எல்லையை எங்கே வகுப்பது என்பது அவரவர் பிறந்த வருடத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

பக்கத்துப் பண்ணைத் தாத்தாவை நினைத்துப் பார். பழைய சட்டத்தில் 65 வயது கடந்தவருக்கும் உடற்குறை உள்ளவருக்கும் மட்டுமே குறுக்குவில். அவர் கைக்கு எட்டாத நாணை, நாணேற்றும் கயிற்றைப் போட்டு இழுத்து ஏற்றிக் கொடுத்தவள் நீதான். அப்போது அது உனக்கு ஏமாற்றாகத் தெரியவில்லை. எனக்குச் சர்க்கரையோடு வந்த தோள் இறுக்கத்தால் கை காதுக்கு மேல் எழாமல் போய், நானும் அதையே எடுத்தபோதுதான் ஏமாற்றாகிவிட்டது. மகளிடம் வித்தை கற்ற தகப்பன் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அந்த மகளே, ‘அப்பா இப்போது வில்லாளி இல்லை’ என்று சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மரப்பரணில் பட்டை கட்டிக்கொள் என்று முன்பே எழுதினேன். ஏறும்போதும் இறங்கும்போதும் அது உன் மேல் இருக்க வேண்டும், மேலே உட்கார்ந்த பிறகு மட்டும் அல்ல.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை ஆண்டுக்கு முன்பு, நவம்பர் தொடக்கத்தில், ஓடைக்கு மேற்கே அந்த ஓக் மரத்தடியில், இருட்டும் நேரத்தில் ஒரு ஆண்மான் வந்தது. தூரம் காட்டும் கருவி 62 கஜம் என்று காட்டியது. நாற்பதுக்கு மேல் எய்யாதே என்று நீ எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஆனால் தொலைநோக்கியில் அது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. உடம்பு எந்தச் சிரமமும் படவில்லை. விரல் மட்டும் அசைந்தது. கையால் இழுக்கும் வில்லாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு நான் நாணைத் தொட்டிருக்கவே மாட்டேன். நாண் விட்ட சத்தம் அம்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, மான் குனிந்து திரும்பியது, அம்பு வயிற்றில் பட்டது. மறுநாள் காலையில் ஓடை வரை இரத்தம் இருந்தது. அதன் பிறகு மழை வந்தது. மோப்ப நாயோடு வந்து தேடித் தருபவரை அழைத்திருக்கலாம், இங்கே அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. வெட்கத்தால் அழைக்கவில்லை. அந்த மான் எங்கே விழுந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதற்கு மூன்றாவது நாள்தான் நீ தொலைபேசியில், ‘குறுக்குவில்காரர்கள் எட்டாத தூரத்துக்கு எய்கிறார்கள் அப்பா, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று பொதுவாகச் சொன்னாய். உனக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் பிடிபட்டவனைப் போலக் கத்தினேன். திமிர் என்றேன். ‘உன் தோள் போகட்டும், அப்போது புரியும்’ என்றேன்.

பிப்ரவரியில் உன் வலது தோளில் தசைநார் கிழிந்ததை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் நீ கேட்டுக்கொண்டதாக அறிகிறேன். அவள் சொல்லவில்லை, அறுவை சிகிச்சைக்கு அவள் அங்கே வந்து தங்கிய மூன்று வாரத்துக்கும் அலுவலகத் தோழி கல்யாணம் என்று காரணம் சொன்னாள். எந்தக் கல்யாணம் மூன்று வாரம் நடக்கிறது? அந்தத் தொலைபேசிச் சண்டைக்குப் பிறகு இரண்டு இலையுதிர் காலம் போய்விட்டது. நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

நீ இருக்கும் ஒரிகனில் குறுக்குவில்லால் வேட்டையாடவே அனுமதி இல்லை. வில் என்றால் மானுக்கு 40 பவுண்டு, எல்க் என்னும் பெரிய மானுக்கு 50 பவுண்டு இழுத்தாக வேண்டும். அந்தத் தோளோடு நீ 50 பவுண்டு இழுத்துப் பழகிக்கொண்டிருப்பாயோ என்பதுதான் இரவில் எனக்கு வரும் நினைப்பு. இழுக்காதே. மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னால் இழுக்காதே. உனக்குப் பிடிவாதம் அதிகம், அது எங்கிருந்து வந்தது என்று அம்மா தினமும் எனக்குச் சொல்கிறாள்.

கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். குறுக்குவில் வில் பருவத்தில் இருக்கட்டும், முழுப் பருவமும் இருக்கட்டும் என்றேன். ஆனால் எனக்கு இந்த உரிமம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொன்னேன். 1973-க்கு முன்னால் பிறந்தவன் என்பதால் பாதுகாப்பு வகுப்பில்கூட நான் உட்கார வேண்டியிருக்கவில்லை. பணம் கட்டினேன், கொடுத்தார்கள். இங்கே வில்லுக்குக் குறைந்தது 30 பவுண்டு இழுவை, குறுக்குவில்லுக்கு 100 பவுண்டு என்று கருவியை அளக்கிறார்கள். அதைப் பிடிக்கிறவன் முப்பது கஜத்தில் ஒரு தட்டை அடிப்பானா என்று ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் நீ வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதிவிட்டு வந்தாய். 62 கஜம் என்று கருவி காட்டியபோது கையை எடுத்திருக்க வேண்டியவன் நான், பொறி அல்ல. மானைப் பற்றி அங்கே சொல்லவில்லை. உனக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்வது சரியாகப் படவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் என் பேச்சுக்குத் தலையாட்டினார். அவர் எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

அந்த மானுக்குப் பிறகு குறுக்குவில்லை எடுத்துக்கொண்டு நான் காட்டுக்குப் போகவில்லை. கொட்டிலில்தான் இருக்கிறது. இந்தக் கோடையில் முப்பது கஜத்தில் தட்டை வைத்துப் பழகலாம் என்றிருக்கிறேன். பத்துக்குப் பத்தும் பட்டால்தான் செப்டம்பரில் எடுப்பேன். உன் பழைய வில்லைக் கடையில் கொடுத்து 32 பவுண்டுக்கு இறக்கி வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே சட்டத்துக்கு அது போதும். கனமாக இருந்தால் குறுக்குவில்லும் அருகிலேயே மாட்டியிருக்கிறது. நாணை நான் ஏற்றித் தருகிறேன், தாத்தாவுக்கு நீ ஏற்றிக் கொடுத்ததைப் போல. எதை எடுப்பது என்பது உன் விருப்பம், எதையும் எடுக்காவிட்டாலும் சரி.

ஓக் மரத்தில் இருந்த பரணைப் பிரித்துவிட்டேன். ஏணிப்படிகளில் இரண்டு இற்றுப்போயிருந்தன. அதற்குப் பதில் ஓடைக்கு இந்தப் பக்கம், சோளக்காட்டு ஓரத்தில், தரையிலேயே ஒரு மறைவுக் கூடாரம் அடித்திருக்கிறேன். உள்ளே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். செப்டம்பர் 15-ஐ ஒட்டிய சனிக்கிழமை பருவம் திறக்கிறது. அங்கிருந்து ஓடைத் துறை வரை அளந்து பார்த்தேன், 28 கஜம்.

அன்புடன்,
அப்பா